பிணைப்பை முறித்தால் ஆற்றல் வருமா, செலவாகுமா?

வாசகர் கேள்வி, ஜூலை 4, காலை 7.10

என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். நேற்று இரவு எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம். நான் சொன்னது இதுதான்: அணுக்களுக்கு இடையிலான பிணைப்பில் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது. பிணைப்பு முறிந்தால் அது வெளியே வருகிறது. அடுப்பில் எரிவாயு எரிவதும் பட்டாசு வெடிப்பதும் அதனால்தான். அவளோ, முறிப்பதற்குத்தான் ஆற்றல் செலவாகும் என்கிறாள். ஏடிபியில் (உயிரணுக்கள் தம் வேலைகளுக்கு ஆற்றல் பெறும், பாஸ்பேட்டுகள் கொண்ட மூலக்கூறு) இருப்பது 'உயர் ஆற்றல் பிணைப்பு' என்று உயிரியலில் படித்தோமே என்று எடுத்துச் சொல்லியும் மசியவில்லை. யார் சொல்வது சரி?

ஜூலை 4, இரவு 9.35

மகள் சொல்வதுதான் சரி. இன்றைக்காவது சோற்றைச் சூடாகச் சாப்பிடுங்கள்.

பிணைப்பை முறிக்க ஆற்றல் கொடுத்தாக வேண்டும். உருவாகும்போதுதான் அது வெளியாகிறது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து ஒரு மூலக்கூறாகும்போது மோலுக்கு 436 கிலோஜூல் வெளியே வருகிறது. (மோல் என்பது டஜன் மாதிரி, மூலக்கூறுகளை எண்ண நாங்கள் வைத்திருக்கும் மிகப் பெரிய எண்ணிக்கை.) அவற்றைத் திரும்பப் பிரிக்க அதே 436ஐக் கொடுக்க வேண்டும்.

கிணற்றில் வாளி விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். விழும்போது தொப்பென்று சத்தம், தண்ணீர் தெறிக்கிறது. விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி, துழாவி, கை கடுக்க இழுக்க வேண்டும். அடியில் கிடக்கும் வாளியைப் பார்த்து 'அதற்குள் எவ்வளவு ஆற்றல் அடைபட்டிருக்கிறது!' என்று யாரும் வியப்பதில்லை. பிணைந்திருக்கும் அணுக்கள் அந்த வாளியைப் போன்றவை. இருப்பதிலேயே பள்ளமான இடத்தில் கிடக்கின்றன.

அந்தப் பள்ளம் எதனால்? தனி ஹைட்ரஜன் அணுவில் ஓர் எலக்ட்ரானை ஒரே ஒரு கரு இழுக்கிறது. இரண்டு அணுக்கள் நெருங்கினால் ஒவ்வொரு எலக்ட்ரானையும் இரண்டு கருக்கள் இழுக்கின்றன. அதில்தான் லாபம். இன்னும் நெருங்கினால் கருக்கள் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கிவிடும். இரண்டும் சமன்படும் தூரம் 74 பிக்கோமீட்டர். ஒரு மீட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு பிக்கோமீட்டர்.

அப்படியானால் எரிவாயு எப்படிச் சூடு தருகிறது? பழைய பிணைப்புகளை முறிக்கச் செலவானதைவிட, புதிய பிணைப்புகள் உருவாகும்போது கிடைப்பது அதிகம். கணக்கே போட்டுவிடலாம். சமையல் உருளையில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது; எளிமைக்காகப் புரோப்பேனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு புரோப்பேன் மூலக்கூறு ஐந்து ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு சேர்ந்து மூன்று கார்பன் டைஆக்சைடும் நான்கு நீரும் ஆகிறது.

செலவு (எல்லாம் மோலுக்குக் கிலோஜூலில்): கார்பன்–கார்பன் பிணைப்பு மூன்று, ஒவ்வொன்றும் 347, ஆக 1,041. கார்பன்–ஹைட்ரஜன் எட்டு, ஒவ்வொன்றும் 413, ஆக 3,304. ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பு ஐந்து, ஒவ்வொன்றும் 498, ஆக 2,490. மொத்தம் 6,835.

வரவு: கார்பன் டைஆக்சைடில் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு ஆறு, ஒவ்வொன்றும் 799, ஆக 4,794. நீரில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் எட்டு, ஒவ்வொன்றும் 463, ஆக 3,704. மொத்தம் 8,498.

மிச்சம் 1,663 கிலோஜூல். அளந்து பார்த்த மதிப்பு ஏறத்தாழ 2,044. நாம் எடுத்துக்கொண்டவை சராசரி மதிப்புகள் என்பதால் இந்த வித்தியாசம். உங்கள் தோசைக்கல் சூடாவது இந்த மிச்சத்தில்தான்.

ஜூலை 4, இரவு 10.05

ஒன்றை விட்டுவிட்டேன். முறிவதால்தான் ஆற்றல் வருகிறது என்றால், குழாய் கசிந்த மறுநொடியே சமையலறை தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். அப்படி நடப்பதில்லை. வாயுவும் காற்றும் கலந்து சும்மா நிற்கும், யாராவது ஒரு சுவிட்சைத் தட்டும்வரை. அந்தப் பொறிதான் முதலில் சில பிணைப்புகளை முறிக்கக் கொடுக்கும் முன்பணம். அதற்குப் பிறகு வரவே அடுத்தடுத்த செலவைப் பார்த்துக்கொள்கிறது.

ஜூலை 5, காலை 8.20

இன்று காலை கிடைத்த நிரூபணம், என் வலது கையில்.

வீட்டில் காலை இட்லி என் பொறுப்பு. மூடியை அவசரமாகத் திறந்தேன். மணிக்கட்டில் ஆவி அடித்துவிட்டது. கொதிநீர் தெறித்துப் பட்டிருக்கிறேன், இந்த அளவுக்கு எரிந்ததில்லை. ஏன் என்பதைக் கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே யோசித்தேன்.

ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு 100 டிகிரியிலிருந்து உடல் சூட்டுக்கு இறங்கினால் தருவது ஏறத்தாழ 264 ஜூல். ஒரு கிராம் ஆவி தோலில் பட்டால், சூடு இறங்குவதற்கு முன்பே, வெறுமனே நீராக மாறுவதற்காக மட்டும் 2,257 ஜூலைக் கொட்டிவிடுகிறது. எங்கிருந்து? ஆவியில் தனித்தனியாகத் திரிந்த நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகின்றன. எதுவும் முறியவில்லை. பிடித்துக்கொண்டதற்குத்தான் இந்தக் கொப்புளம்.

இட்லி வேகுவதும் இப்படியே. மாவின் குளிர்ந்த மேல்பரப்பில் ஆவி நீராகிறது. வெளியாகும் வெப்பம் மாவுக்குள் போகிறது.

ஜூலை 5, இரவு 9.15

ஒரு வாசகர் மறுப்பு எழுதியிருக்கிறார்: ஹைட்ரஜன் பிணைப்பையும் உண்மையான பிணைப்பையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று. வைக்கக்கூடாதுதான். மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுக்கு மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோஜூல். மூலக்கூறுக்கு உள்ளே ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் பிடித்திருப்பது 463. சட்டைப் பொத்தானுக்கும் வெல்டிங்குக்கும் உள்ள வேறுபாடு.

ஆனாலும் திசை ஒன்றுதான். பொத்தானானாலும் வெல்டிங்கானாலும் சேரும்போது வரவு, பிரிக்கும்போது செலவு.

விடைத்தாள் திருத்தியபோது அடிக்கடி பார்த்த பிழை: 'நீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்து குமிழிகளாக வெளியேறுகின்றன.' அப்படியானால் இட்லிப் பானைக்கு மேலே கலந்து நிற்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். அடியில் நெருப்பு எரிகிறது. தெருவுக்கு ஒரு வீடு மிஞ்சாது. ஒரு மோல் நீரை ஆவியாக்க 40.7 கிலோஜூல் போதும். அதை அணு அணுவாகப் பிரிக்க 926 வேண்டும். அடுப்பு அந்த வேலைக்கு ஆகாது.

இந்தப் பொத்தான்களைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். நீரின் தம்பி ஹைட்ரஜன் சல்பைடு. நீரைவிடக் கனமான மூலக்கூறு. ஆனால் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நீரும் அப்படி இருந்திருந்தால் கடலும் இல்லை, நாமும் இல்லை.

ஜூலை 7, மாலை 6.50

'இட்லி ஆவி எல்லாம் சரி. உண்மையான பிணைப்பு உருவாவதிலிருந்து மட்டுமே வரும் சூட்டை யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா?' என்று அதே வாசகர் விடாமல் கேட்கிறார். நல்ல பிடிவாதம்.

பயன்படுத்தியிருக்கிறார்கள். 1920களில் அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர் ஒரு பற்றவைப்பு (வெல்டிங்) முறையை உருவாக்கினார். இரண்டு டங்ஸ்டன் கம்பிகளுக்கு இடையே மின்வில். அதன் ஊடாக ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துவது. மின்வில்லில் மூலக்கூறுகள் தனி அணுக்களாகப் பிரிகின்றன. செலவு மின்சாரத்தின் கணக்கில். அந்த அணுக்கள் கொஞ்சம் தள்ளியிருக்கும் உலோகப் பரப்பில் மோதி மறுபடி சோடி சேர்கின்றன. சேரும் இடத்தில், அதே 436. டங்ஸ்டனையே உருக்கும் சூடு, அதாவது 3,400 டிகிரிக்கு மேல். அந்த உலோகப் பரப்பில் எதுவும் எரியவில்லை, எதுவும் முறியவில்லை. ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் கைகோத்தன, அவ்வளவுதான்.

இப்படி அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1919இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இதே லாங்மியூர்தான். சொல்லையும் கொடுத்து, அதை வைத்து இரும்பையும் ஒட்டிக் காட்டிய ஆள்.

ஜூலை 7, மாலை 7.30

இன்னொன்று, பேச்சுவாக்கில். வெட்டவெளியில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் மோதினால் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. வெளிவரும் ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவது ஆள் இல்லாததால், விழுந்த வேகத்திலேயே எகிறிப் பிரிந்துவிடுகின்றன. விண்மீன்களுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் மூலக்கூறுகள் பெரும்பாலும் தூசித் துகள்களின் மேல் உருவானவை. தூசி அந்த ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. கல்யாணத்துக்குத் தரகர் மாதிரி. (இந்த உவமையை வகுப்பில் சொல்லி ஒரு பெற்றோரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.)

ஜூலை 8, இரவு 9.00

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னுடைய பழைய பாவம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு 22 ஆண்டுகள் வேதியியல் எடுத்தேன். அதில் முதல் ஒன்பது ஆண்டுகள் அயனிப் பிணைப்பை (எலக்ட்ரானைக் கொடுத்தோ வாங்கியோ மின்னூட்டம் பெற்ற அணுக்கள், அதாவது அயனிகள், ஒன்றையொன்று பிடிப்பதை) இப்படித்தான் நடத்தினேன்: 'சோடியத்தின் கடைசிக் கூட்டில் ஓர் எலக்ட்ரான். அது ஒரு சுமை. குளோரினுக்கு ஒன்று குறைகிறது. சோடியம் விரும்பிக் கொடுக்கிறது, குளோரின் விரும்பி வாங்குகிறது, இருவரும் நிறைவடைகிறார்கள்.' பலகையில் அம்புக்குறி போட்டு, கை தட்டி, அடுத்த பாடம்.

பத்தாவது ஆண்டில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். முந்தைய பாடத்தின் அட்டவணையைத் திறந்து வைத்திருந்தான். 'சார், சோடியத்தின் அயனியாக்கும் ஆற்றல் 496 கிலோஜூல் என்று போட்டிருக்கிறது. விரும்பிக் கொடுப்பவனிடம் எதற்கு சார் 496 செலவழித்துப் பிடுங்க வேண்டும்?'

எனக்குப் பதில் தெரியவில்லை. குளோரினுக்கு எலக்ட்ரான் நாட்டம் இருக்கிறதே, வாங்கும்போது ஆற்றல் வருமே என்றேன். அவன் அதையும் பார்த்து வைத்திருந்தான். 349. கழித்தால் 147 பற்றாக்குறை. ஆக, ஒரு சோடியம் அணுவும் ஒரு குளோரின் அணுவும் தூரத்தில் நின்றுகொண்டு எலக்ட்ரானைக் கைமாற்றிக்கொள்வது நஷ்டக் கணக்கு. யாரும் விரும்பவில்லை. நாளை சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டு ஒரு வாரம் அந்த வகுப்புப் பக்கம் தலைநிமிர்ந்து போகவில்லை.

விடை படிகத்தில் இருக்கிறது. கைமாற்றியபின் நேர்மின் சோடியமும் எதிர்மின் குளோரைடும் தனித்தனியாக நிற்பதில்லை, நெருங்குகின்றன. அதுவும் சோடி சோடியாக அல்ல. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு. ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இடைவெளி 282 பிக்கோமீட்டர். அந்த அடுக்கு முழுவதும் அமையும்போது வெளிவருவது மோலுக்கு 787 கிலோஜூல். இதுதான் படிகக்கூடு ஆற்றல். 147 நஷ்டத்தை இது மூழ்கடித்துவிடுகிறது.

முழுக் கணக்கு: திண்மச் சோடியத்தை ஆவி அணுக்களாக்க 107. குளோரின் மூலக்கூறைப் பிளந்து ஓர் அணுவைப் பெற 121. எலக்ட்ரானைப் பிடுங்க 496. மொத்தச் செலவு 724. குளோரின் எலக்ட்ரானை வாங்கும்போது வரவு 349. படிகம் அமையும்போது வரவு 787. மொத்த வரவு 1,136. மிச்சம் 412. அளந்த மதிப்பு 411. மேக்ஸ் போர்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் 1919இல் கொடுத்த முறை இது. முதல் முறை இதைப் பலகையில் போட்டு, 412 என்று வந்தபோது, அந்தப் பையனைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி அதிகம்.

'விரும்புகிறது', 'நிறைவடைகிறது' என்ற சொற்களை அன்றோடு விட்டேன். முழுதாக விட்டேன் என்று சொல்ல முடியாது. அவசரத்தில் வாயில் வந்துவிடும்.

ஜூலை 8, இரவு 11.40

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதன் தொடர்ச்சி.

உப்பில் 'சோடியம் குளோரைடு மூலக்கூறு' என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரின் என்று கேட்டால் பதில் இல்லை. இது பெரிய ஆட்களுக்கே தொண்டையில் சிக்கிய முள். பிராக் என்ற தந்தை–மகன் இயற்பியலாளர்களின் எக்ஸ் கதிர் ஆய்வுகளில் 1913இல் இந்த அமைப்பு தெரியவந்தது. 14 ஆண்டுகள் கழித்து, 1927இல், ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த ஆங்கில வேதியியலாளர் நேச்சர் இதழில் கடிதம் எழுதிப் பொரிந்து தள்ளினார். உப்பில் மூலக்கூறே இல்லை, சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி அடுக்கியிருக்கிறது என்பது பொது அறிவுக்கே ஒவ்வாதது, 'இது வேதியியல் கிரிக்கெட்டே அல்ல' என்று.

ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. நான் ஒன்பது ஆண்டுகள் சோடி சோடியாகத்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

ஜூலை 10, காலை 6.45

தூத்துக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி. உப்பளத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவராம். 'உப்பை உருக்க 801 டிகிரி வேண்டும் என்கிறார்கள். படிகத்தைப் பிரிக்க 787 கிலோஜூல் என்கிறீர்கள். ஆனால் ரசத்தில் போட்டால் கரைந்துவிடுகிறதே. யார் அந்த ஆற்றலைக் கொடுக்கிறார்கள்?'

தண்ணீர் கொடுக்கிறது. நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் முனை கொஞ்சம் எதிர்மின், ஹைட்ரஜன் முனைகள் கொஞ்சம் நேர்மின். படிகத்தின் விளிம்பிலுள்ள சோடியத்தை ஆக்சிஜன் முனைகள் சூழ்ந்துகொள்கின்றன. குளோரைடை ஹைட்ரஜன் முனைகள். பழைய ஆறு பேருடைய பிடியை விடுவதற்குள் புதிய பிடி கிடைத்துவிடுகிறது. செலவு 787, நீர் சூழ்வதால் வரவு ஏறத்தாழ 783. துண்டு விழுவது வெறும் 4. அந்த நாலையும் தண்ணீரின் சூட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் நிறைய உப்பைப் போட்டுக் கலக்கி நல்ல வெப்பமானியை விட்டுப் பாருங்கள், கொஞ்சம் குளிர்ந்திருக்கும்.

உப்பளத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. வெயில் தண்ணீரை விரட்ட விரட்ட, சூழ்ந்துகொள்ள ஆள் இல்லாமல் அயனிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாத்தியில் சதுரம் சதுரமாகப் படிகின்றன.

ஜூலை 10, காலை 9.10

அதை எழுதியபின் சும்மா இருக்க முடியவில்லை. கல்லுப்பு ஒன்றை எடுத்து அம்மியில் வைத்து, குழவியின் முனையால் லேசாகத் தட்டினேன். பேத்தியின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உடைந்த துண்டுகளில் பல, செங்கோண முனைகளோடு, கண்ணாடி மாதிரி வழவழப்பான தட்டை முகங்களோடு இருந்தன. ஒரு முகத்தில் படிக்கட்டு மாதிரி மூன்று வரி.

தட்டும்போது ஓர் அடுக்கு ஓரடி நகர்ந்தால் போதும். நேர்மின்னுக்கு எதிரே நேர்மின் வந்து நிற்கும். அதுவரை இழுத்துக்கொண்டிருந்தவை அந்த நொடியில் ஒன்றையொன்று தள்ளும். பிளந்துவிடும்.

தங்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. நேர்மின் அயனிகளைச் சுற்றி எலக்ட்ரான்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் பொதுவாக உலவுகின்றன. அடுக்கு நகர்ந்தாலும் அவை கூடவே வந்துவிடும். அதனால்தான் ஆசாரி ஒரு கிராம் தங்கத்தை ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் தகடாகத் தட்ட முடிகிறது. உப்பைத் தகடாகத் தட்டியவர் எவரும் இல்லை.

ஜூலை 10, காலை 9.25

'ஓரடி' என்று எழுதிவிட்டேன். ஓர் அணு தூரம் என்று படிக்கவும். அளவு நாடாவோடு யாரும் வரவேண்டாம்.

ஜூலை 12, இரவு 8.30

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: அவர் படித்த புத்தகத்தில் சகப்பிணைப்பு என்ற சொல்லே இல்லை, பங்கீட்டு வலுப் பிணைப்பு என்றுதான் இருந்தது. எலக்ட்ரான் இலத்திரன், ஹைட்ரஜன் ஐதரசன், ஆக்சிஜன் ஒட்சிசன்.

பங்கீட்டு வலுப் பிணைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. என்ன நடக்கிறது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. 'சக' என்பது வெறும் கூட்டாளி.

எங்கள் பக்கம் 'பிணை' என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது களத்துமேடு. நாலு மாட்டைக் கயிற்றில் சேர்த்துக் கட்டிச் சூடடிப்பதற்குப் பெயர் பிணையல். அடுத்தது நீதிமன்றம். இரண்டிலும் ஒரு கயிறு இருக்கிறது, கட்டுப்பட்டவன் திமிறுகிறான், அவிழ்த்தால் பாய்ந்து ஓடுகிறான். முறித்தால் ஆற்றல் பீறிடும் என்ற எண்ணம் நம் மனத்தில் இவ்வளவு எளிதாக உட்கார இந்தச் சொல்லும் ஒரு காரணமோ என்று சந்தேகப்படுகிறேன். அணுக்கள் திமிறவில்லை. பள்ளத்தில் படுத்திருக்கின்றன.

(இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் படிக்கிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள், தமிழைக் குறை சொல்லாதீர்கள் என்றாள். நியாயம்தான். சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன்.)

ஜூலை 13, இரவு 9.50

ஏடிபி. முதல் கேள்வியிலேயே இருந்ததை இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

ஏடிபியின் கடைசி பாஸ்பேட் நீரோடு வினைபுரிந்து கழன்றால் திட்ட நிலையில் மோலுக்கு 30.5 கிலோஜூல் பயன்படுத்தத்தக்க ஆற்றல் கிடைக்கிறது. உண்மை. ஆனால் பாஸ்பேட் பிணைப்பு முறிவதால் அல்ல. அதை முறிக்கவும் செலவுதான். பக்கத்துப் பக்கத்தில் நெருக்கியடித்து நின்ற எதிர்மின் ஆக்சிஜன்கள் பிரிந்ததும் அவற்றின் தள்ளுமுள்ளு குறைகிறது. நீரோடு புதிய பிணைப்புகள் உருவாகின்றன. கழன்ற பாஸ்பேட்டைத் தண்ணீர் நன்றாகச் சூழ்ந்துகொள்கிறது. மொத்தக் கூட்டிக்கழித்தலில்தான் லாபம்.

'உயர் ஆற்றல் பிணைப்பு' என்ற பேச்சு 1941இல் ஃபிரிட்ஸ் லிப்மன் எழுதிய கட்டுரையோடு பரவியது. அந்தப் பிணைப்பை நேர்கோடாகப் போடாமல் நெளிகோடாகப் போட்டார். சுருட்டி வைத்த வில்கம்பி மாதிரி இருக்கும் அந்த நெளிகோட்டைப் பார்த்த எந்த மாணவனும், அதற்குள் ஏதோ அடைத்து வைத்திருக்கிறது என்று நம்பாமல் இருக்க மாட்டான். உயிரியல்காரர்கள் இதை எப்போதோ கைவிட்டிருக்க வேண்டும்.

ஜூலை 14, காலை 7.00

உயிரியல் ஆசிரியை ஒருவர் திட்டியிருக்கிறார், சுருக்கமாகவும் சரியாகவும். அவர்கள் வழக்கில் அந்தச் சொல் ஒற்றைப் பிணைப்பைக் குறிப்பதில்லை, அந்த வினை முழுவதையும் குறிக்கும் சுருக்கப் பெயர். 'பாம்புக்கடி மருந்து' என்றால் கடிப்பதற்கு மருந்து என்றா எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்கிறார். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பதினோராம் வகுப்பில் அந்தச் சுருக்கத்தை விரித்துச் சொல்ல ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஜூலை 15, மாலை 5.40

'அப்படியானால் எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைத்து நாங்கள் வரையும் புள்ளிப் படங்களும் பொய்யா?' இது முதல் கேள்வியாளரின் மகள், அப்பாவின் கணக்கிலிருந்து நேரடியாக.

பொய் இல்லை, குழந்தாய். கருவி. கில்பர்ட் லூயிஸ் 1902இல் மாணவர்களுக்கு விளக்குவதற்காக அணுவைக் கனசதுரமாக வரைந்து மூலைக்கு ஓர் எலக்ட்ரானை வைத்தார். எட்டு மூலை, எட்டு எலக்ட்ரான். 1916இல் அதை விரித்து, இரண்டு அணுக்கள் ஒரு சோடி எலக்ட்ரானைப் பகிர்வதே பிணைப்பு என்று வெளியிட்டார். அப்போது குவாண்டம் இயக்கவியல் பிறக்கவே இல்லை. 1927இல் வால்டர் ஹைட்லரும் ஃபிரிட்ஸ் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூறுக்குக் குவாண்டம் கணக்குப் போட்டபோது அந்தச் சோடி அங்கே இருந்தது. பென்சில் படத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்த மனிதருக்கு, பல முறை பரிந்துரைக்கப்பட்டும், நோபல் பரிசு கிடைக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

கருவி எங்கே மழுங்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆக்சிஜனுக்குப் புள்ளிப் படம் போடு. இரட்டைப் பிணைப்பு, எல்லா எலக்ட்ரானும் சோடி, அழகாக எட்டு எட்டு. அந்தப் படம் சரியென்றால் ஆக்சிஜனைக் காந்தம் இழுக்கக்கூடாது. ஆனால் மைனஸ் 183 டிகிரிக்குக் கீழே குளிர்வித்த நீல நிறத் திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே ஊற்றினால் அங்கேயே ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. சோடி சேராத எலக்ட்ரான்கள் இரண்டு அதில் உண்டு. நான் இதை நேரில் பார்த்ததில்லை, காணொளியில்தான். எத்தனை முறை என்று கேட்காதே.

கடைசிக் கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிறைந்தால் திருப்தி என்பதும் அப்படித்தான். 1962இல் கனடாவில் நீல் பார்ட்லெட், ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 1,175 கிலோஜூலும் எதனோடும் சேராது என்று கருதப்பட்ட செனானிலிருந்து பிடுங்க 1,170உம் போதும் என்று அட்டவணையில் கவனித்தார். ஆக்சிஜனோடு சேரும் பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளோரைடு செனானோடும் சேர வேண்டுமே என்று கலந்தார். மஞ்சளாக ஒரு திண்மம் படிந்தது. எட்டு நிறைந்த மந்த வாயு, அதன் முதல் சேர்மம். என் கடைசி பெஞ்சுப் பையன் செய்ததும் இதே வேலைதான், அட்டவணையை ஒழுங்காகப் படித்தான்.

ஜூலை 15, மாலை 6.00

அந்த நீருக்கான 463ஐப் பற்றி. அது சராசரி. நீரிலிருந்து முதல் ஹைட்ரஜனைப் பிடுங்க ஏறத்தாழ 500, மிச்சமிருப்பதைப் பிடுங்க ஏறத்தாழ 428. ஒருவர் போனபின் மற்றவரின் நிலைமை மாறிவிடுகிறது. அட்டவணை மதிப்புகளை வைத்துக் கணக்குப் போடும்போது கொஞ்சம் இப்படி அப்படி இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். ஜூலை 4 கணக்கில் வந்த வித்தியாசமும் இதுதான்.

ஜூலை 16, இரவு 8.15

ஜூலை 4 கணக்கில் வந்த வித்தியாசம் இது அல்ல.

மகள் எழுதியிருக்கிறாள்: 'தாத்தா, சராசரி மதிப்பால் 381 கிலோஜூல் வித்தியாசம் வருமா? புரோப்பேனில் கார்பன் மூன்று. அவற்றுக்கு இடையே பிணைப்பு இரண்டுதானே?'

இரண்டுதான். மூன்று விரலுக்கு இடையே இரண்டு சந்து. 22 ஆண்டுகள் பாடம் எடுத்தவன் மூன்று சந்து எண்ணியிருக்கிறேன். அதோடு நிற்காமல், வந்த பிழைக்குச் சராசரியின் மேல் பழியைப் போட்டு, நேற்று மறுபடியும் அதற்கு முட்டுக்கொடுத்தேன்.

திருத்தம்: கார்பன்–கார்பன் இரண்டு, 694. மொத்தச் செலவு 6,488. வரவு அதே 8,498. மிச்சம் 2,010. அளந்த மதிப்பு 2,044. மீதி 34தான் சராசரியின் குற்றம், அதை மட்டும் அதன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

பழைய குறிப்பை அழிக்கவில்லை. பியூட்டேனுக்கு அவளே போட்டு அனுப்பியிருக்கிறாள்: கார்பன் நான்கு, பிணைப்பு மூன்று, மிச்சம் 2,614. சரிபார்த்துவிட்டேன், இந்த முறை விரல்விட்டு எண்ணி.